சின்ன வெங்காயம் உரிக்க நல்ல சின்னக் கத்தி எது? மாமியாருக்காகக் கேட்கிறேன்

பொங்கோல்_புதுவீடு:

எல்லாருக்கும் வணக்கம். என் மாமியாருக்கு வயது 71, மன்னார்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், சிங்கப்பூர் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங் மோ கியோவில் பழைய வீட்டில் இருந்தவரை அவருக்கு அருவாமனைதான். தரையில் உட்கார்ந்து பலகையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, மீனிலிருந்து வாழைக்காய் வரை எல்லாம் அதில்தான் நடக்கும். இரண்டு வருஷமாக முழங்கால் வலி, தரையில் உட்கார முடியவில்லை. போன மாதம் பொங்கோல் வீட்டுக்கு மாறினோம், வரும்போது அருவாமனையைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார்.

இப்போது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, காயைக் கையிலேயே பிடித்தபடிதான் வேலை செய்கிறார். சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி தோல் சீவுவது, முருங்கைக்காய் நார் எடுப்பது, இறால் நரம்பு எடுப்பது, சில நாள் வாழைப்பூ. பலகை கொடுத்தால் பெரிய வெங்காயத்துக்கு மட்டும் பயன்படுத்துவார்.

எங்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த ஒரு கத்தி செட் இருக்கிறது, மரக்கட்டையில் ஆறு கத்தி செருகி வைப்பார்களே அது. அதில் இருக்கும் சின்னக் கத்தி பார்க்கக் கனமாக அழகாக இருக்கிறது, ஆனால் வெங்காயத்தில் இறங்கவே மாட்டேன் என்கிறது. அழுத்தி அழுத்தி வெட்டினார், போன வாரம் பூண்டில் வழுக்கி இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. மூன்று தையல். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. என் கணவர் இனிமேல் வெட்டிப் பாக்கெட்டில் போட்டதையே வாங்கலாம் என்கிறார், மாமியார் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் அவர் கையிலிருந்து அந்த வேலையைப் பிடுங்க விருப்பமில்லை.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் 90 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு ஜப்பான் கத்தி காட்டினார். அவ்வளவு கொடுக்கணுமா? செராமிக் கத்தி துருப்பிடிக்காது என்கிறார்கள், அது எப்படி? பல் வைத்த விளிம்பு நல்லதா? அவருக்கு விரல் மூட்டிலும் கொஞ்சம் வலி உண்டு, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

கேட்டரிங்_கை:

தங்கச்சி, முதலில் மாமியார் கை ஆறட்டும், தையல் பிரிக்கும்வரை வெங்காயம் நீங்களே உரியுங்கள்.

நான் கல்யாணச் சமையலில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன், ஒரு நாளைக்கு நாற்பது கிலோ வெங்காயம் பார்த்த கை. கத்தி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் எந்த பிராண்டு என்றுதான் முதலில் கேட்பார்கள். நீங்கள் அவர் எப்படி வெட்டுகிறார் என்பதை எழுதியிருக்கிறீர்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. காயைக் கையில் பிடித்து, கட்டைவிரலை அணைப்பாக வைத்து, கத்தியைத் தன்னை நோக்கி இழுக்கிறார் இல்லையா? அந்த வேலைக்கு அலகு குட்டையாக இருக்கணும், 8 சென்டிமீட்டர் போதும். நீளம் கூடினால் முனை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதே கத்தியைப் பலகையில் வைத்தால் சங்கடப்படுத்தும், ஏனென்றால் அலகின் உயரம் 2 சென்டிமீட்டர்தான், பிடியைச் சுற்றிய விரல்முட்டி பலகையில் இடிக்கும். இது பலகைக் கத்தியே இல்லை, அதனால் பெரிய வெங்காயத்துக்கு வேறு கத்தி கொடுங்கள்.

அடுத்தது மெல்லிசு. கத்தியை முதுகுப்பக்கம் மேலிருந்து பாருங்கள். உங்கள் செட் கத்தி முதுகு தடிப்பாக இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். தடித்த கத்தி வெங்காயத்தை அறுக்காது, ஆப்பு மாதிரி பிளக்கும். கூர் இருந்தாலும்கூட கை அழுத்த வேண்டி வரும், அழுத்துகிற கைதான் வழுக்கும். கனமாக இருந்தால் தரம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது, ஆட்டுக்கால் வெட்டுகிற கத்திக்கு அது சரி. அரை மணி நேரம் கையில் தூக்கி வைத்திருக்கிற சின்னக் கத்திக்குக் கனமே கூடாது, அதுவும் மூட்டு வலி இருக்கிறவருக்கு. அடித்துச் செய்த கத்தியா தகட்டில் வெட்டி எடுத்ததா என்றும் கடைக்காரர் பேசுவார். இந்த அளவில் தகட்டில் வெட்டியதே மேல், எடை குறைவு. அடித்துச் செய்த கத்திகள் பலவற்றில் அலகும் பிடியும் சேரும் இடத்தில் ஒரு தடித்த முட்டு இருக்கும், கல்லில் தீட்டும்போது அடிப்பக்கம் கல்லில் படவே விடாது.

ஆக என் பதில் விக்டோரினாக்ஸ் 8 சென்டிமீட்டர், நேர் விளிம்பு, கூர்முனை. சிப்பாய்களின் மடக்குக் கத்தி செய்கிற அதே ஸ்விஸ் கம்பெனிதான், 1884ல் தொடங்கியது. விலை பத்து வெள்ளியை ஒட்டி இருக்கும். பார்த்தால் பிளாஸ்டிக் பிடி போட்ட விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எங்கள் சமையல்கட்டில் ஒரு டஜன் இருந்தது, அதிகம் தேய்ந்தது அதுதான். முஸ்தபா பேரங்காடியில் பாருங்கள், இல்லையென்றால் சைனாடவுன் டெம்பிள் ஸ்ட்ரீட்டில் பாத்திரக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஓட்டல்காரர்கள் வாங்குகிற இடம்.

பல் வைத்தது வேண்டாம். தக்காளித் தோலுக்கு அருமையாக இருக்கும், ஆனால் இஞ்சி சீவும்போது நேராகப் போகாமல் பிறாண்டும், மழுங்கிவிட்டால் வீட்டில் தீட்டவும் வழியில்லை.

லக்சா_லட்சுமி:

நான் சொல்ல வந்தது கிவி கத்தி. தாய்லாந்தில் செய்வது, மரப்பிடி, ஈரச்சந்தைப் பக்கத்துச் சாமான் கடைகளில்கூடக் கிடைக்கும், சில வெள்ளிதான். மெல்லிசு என்றால் அப்படி ஒரு மெல்லிசு. செராய் (எலுமிச்சைப்புல்) தண்டை அதில் வட்டமாக அரிந்து பாருங்கள், காகிதம் மாதிரி வரும். என்ன, எஃகு மிருதுவானது, சீக்கிரம் மழுங்கும், ஆனால் ரெண்டு இழு இழுத்தால் திரும்பக் கூர் வந்துவிடும். மரப்பிடியை மட்டும் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், நம் ஊர் ஈரத்தில் பிடி கறுத்து வெடித்துவிடும். கையில் பிடித்து உரிக்க நான் அதைத்தான் பத்து வருஷமாக வைத்திருக்கிறேன்.

தெம்பனிஸ்_தீட்டுக்கல்:

மேலே சொன்ன இரண்டும் சரி. நான் ஜப்பான் கத்தி பைத்தியம், வீட்டில் நான்கு வைத்திருக்கிறேன், அதனாலேயே சொல்கிறேன், மாமியாருக்கு அந்த 90 வெள்ளிக் கத்தியை வாங்காதீர்கள்.

காரணம் எஃகில் இருக்கிறது. ஐரோப்பிய சமையல் கத்திகள் பலவற்றில் போடுவது ஏறக்குறைய 0.5 விழுக்காடு கார்பன், 15 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு. எஃகின் கடினத்தை அளக்கிற ராக்வெல் அளவில் 55, 56, சிலவற்றில் 58 வரும். ஜப்பான் கத்திகளில் நிறையப் பார்க்கிற விஜி-10 எஃகில் கார்பன் ஏறக்குறைய இரு மடங்கு, கடினம் 60ஐ ஒட்டி. கடினம் கூடினால் கூர் நீண்ட நாள் நிற்கும், அதற்கு ஈடாக வளைந்து கொடுக்கிற குணம் குறையும். மிருதுவான கத்தி எலும்பில் பட்டால் விளிம்பு மடங்கும், தீட்டினால் நேராகிவிடும். கடினமான கத்தி உடையும். என் முதல் ஜப்பான் கத்தியை ஆசை ஆசையாக வாங்கி வந்த மறுவாரம், வீட்டில் ஒருவர் அதை வைத்துத் தேங்காய்ச் சில்லை ஓட்டிலிருந்து நெம்பினார். அரை அரிசி அளவுக்கு ஒரு துண்டு விளிம்பிலிருந்து போய்விட்டது. அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது, இன்னும் நினைத்தால் வயிறு எரிகிறது. அவர்மேல் தப்பில்லை, சின்னக் கத்தியால் நெம்புவது எல்லா வீட்டிலும் நடப்பது.

அப்புறம் ஜப்பான்காரர்கள் பெட்டி என்று சொல்கிற சின்னக் கத்தி பெரும்பாலும் 12 முதல் 15 சென்டிமீட்டர். அது பலகையில் வேலை செய்யச் செய்தது, கையில் உரிப்பதற்கு நீளம்.

செராமிக் பற்றிக் கேட்டீர்கள். அது ஸிர்கோனியா என்கிற பீங்கான் வகை, துருப்பிடிக்காது, எலுமிச்சை புளி எதுவும் ஒன்றும் செய்யாது, கூரும் நாள்பட நிற்கும். ஆனால் டைல்ஸ் தரையில் ஒருமுறை விழுந்தால் முனை போச்சு, தீட்ட வைரத்தூள் பதித்த கல் வேண்டும், சாதாரணக் கல் அதைத் தொடாது. விரலில் வலி உள்ளவர் கையிலிருந்து கத்தி நழுவத்தான் செய்யும். வேண்டாம்.

பொங்கோல்_புதுவீடு:

ரொம்ப நன்றி. இன்றைக்கு அந்த செட் கத்தியின் முதுகைப் பார்த்தேன், கேட்டரிங் அண்ணன் சொன்னது அப்படியே சரி, மற்ற பெரிய கத்திக்கு இருக்கிற தடிப்பு அப்படியே இதற்கும் இருக்கிறது.

ஒரு விஷயம் எழுத மறந்துவிட்டேன், மாமியார் இடது கைக்காரர். (வலது கையில் சாப்பிடுவார், மற்ற வேலை எல்லாம் இடது.) வெட்டுப்பட்டது இடது கட்டைவிரல் என்று எழுதினேனே, அது கத்தி பிடித்த கையின் கட்டைவிரல்தான். இதனால் ஏதாவது மாறுமா? பிடி எப்படி இருக்கணும் என்றும் யாராவது சொல்லுங்களேன்.

தெம்பனிஸ்_தீட்டுக்கல்:

விக்டோரினாக்ஸ் நேர் விளிம்பு, கிவி இரண்டும் இரு பக்கமும் சரிவு வைத்துத் தீட்டியவை, எந்தக் கைக்கும் ஒன்றுதான். ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்த ஜப்பான் கத்திகளும், பல் வைத்த கத்திகள் பலவும் வலது கைக்காரர்களை நினைத்துச் செய்தவை, இடது கையில் பிடித்தால் கோணலாக இழுக்கும். பல் வைத்ததை விடுவதற்கு இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது.

வாழைப்பூ_அக்கா:

தங்கச்சி, நான் உன் மாமியார் வயதை நெருங்குகிறவள், அதே முழங்கால் வலி, அருவாமனையிலிருந்து கத்திக்கு மாறி ஏழு வருஷம் ஆகிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

அருவாமனையில் கத்தி நிற்கும், காய் நகரும். ரெண்டு கையும் காயைப் பிடித்திருக்கும், பாரம் முழுக்கத் தோளுக்குப் போகும், விரலுக்கு வேலை குறைவு. சின்னக் கத்தியில் எல்லாப் பாரமும் ஒரு கையின் விரல்களுக்கு வந்துவிடுகிறது. அம்பது வருஷம் பழகிய உடம்புக்கு இது சின்ன மாற்றம் இல்லை. முதல் வருஷம் எனக்கும் ராத்திரியில் சுண்டுவிரல் வரைக்கும் கடுக்கும். மெலிந்த பிடியை இறுக்கிப் பிடிப்பதால்தான் அந்த வலி என்று பிறகுதான் புரிந்தது. விக்டோரினாக்ஸ் பிடி மெலிசு. நான் என்ன செய்தேன் என்றால், டென்னிஸ் மட்டையில் சுற்றுகிற ரப்பர் நாடா விற்கிறார்களே, அதை வாங்கிப் பிடியில் ரெண்டு சுற்றுச் சுற்றினேன். பிடி தடித்துவிட்டது, ஈரக் கையிலும் வழுக்கவில்லை. ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் புதிதாகச் சுற்றணும், இல்லையென்றால் மீன் வாடை ஏறிக்கொள்ளும். கத்தி வாங்கும்போது மாமியாரையும் கூட்டிப்போய்ப் பிடியைப் பிடித்துப் பார்க்கச் சொல். அட்டையோடு பிடித்தாலே தெரிந்துவிடும்.

சின்ன வெங்காயத்தை வெந்நீரில் ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்தால் தோல் கழன்று வரும், கத்திக்கு வேலையே தலையும் வாலும் கிள்ளுவது மட்டும்தான். ஊறப்போட்ட வெங்காயம் வழுக்கும் என்பதால் துடைத்துவிட்டுக் கொடு. கேரட், உருளைக்கிழங்கு தோலுக்குக் கத்தியே வேண்டாம், தோல்சீவி கொடுத்துவிடு, மாமியார் முதலில் முகம் சுளிப்பார், ஒரு வாரத்தில் பழகிவிடும். வாழைப்பூவில் கள்ளன் எடுப்பது விரல் வேலை, கைக்கு நல்லெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல், கத்திக்கும் ஒரு சொட்டுத் தடவினால் பால் ஒட்டாது. நறுக்கியதை மோர் கலந்த தண்ணீரில் போட்டுவிட்டால் கறுக்காது, இது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

கட்டைவிரலுக்குத் தோல் உறை ஒன்று இருக்கிறது, துணி தைக்கிற சாமான் விற்கிற கடையில் கேட்டுப் பார். தையல் பிரித்ததும் கொஞ்ச நாளைக்காவது அது இருக்கட்டும்.

கேட்டரிங்_கை:

அக்கா சொன்ன ரப்பர் நாடா எனக்கே தெரியாது, நல்ல யோசனை.

தங்கச்சி, ஒன்று சொல்லாமல் விட்டால் இத்தனை பேர் எழுதியதும் வீணாகிவிடும். எந்தக் கத்தி வாங்கினாலும் மூன்று மாதத்தில் மழுங்கும், அப்போது மாமியார் திரும்ப அழுத்த ஆரம்பிப்பார். மழுங்கிவிட்டது என்பது கண்ணில் தண்ணீர் வருவதிலேயே தெரியும். மழுங்கிய கத்தி வெங்காயத்தை நசுக்கும், நசுங்க நசுங்கத்தான் அந்தக் காரம் காற்றில் ஏறும். நன்றாகத் தீட்டிய கத்தியில் அரிந்தாலும் கண் கரிக்கும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

1000 எண் போட்ட தீட்டுக்கல் ஒன்று வாங்குங்கள், ஒரு முறை வாங்கினால் பல வருஷம் வரும். தண்ணீரில் ஊற வைக்கிற கல்லாக இருந்தால் குமிழி வருவது நிற்கும்வரை ஊறட்டும். கத்தியை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதுதான் எல்லாரும் தடுமாறுகிற இடம், அதற்கு ஒரு வழி சொல்கிறேன். நம் ஒரு வெள்ளி நாணயம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள், ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் உயரம் வரும். கத்தியின் முதுகு அந்த உயரத்தில் இருக்க, விளிம்பு கல்லில் பட்டால், 2 சென்டிமீட்டர் அலகுக்கு 15 டிகிரி அளவு சாய்மானம். இரண்டு மூன்று முறை நாணயத்தை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள், கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வரும்போது மறுபக்க விளிம்பில் பிசிர் ஏறும், நகத்தில் லேசாக உரசினால் தட்டுப்படும். அடியிலிருந்து முனை வரைக்கும் பிசிர் வந்த பிறகுதான் மறுபக்கம் திருப்பணும், பாதியில் திருப்பினால் பாதிக் கத்திதான் கூராகும். கடைசியில் அழுத்தமே இல்லாமல் இரு பக்கமும் மாற்றி மாற்றி நாலு இழுப்பு, பிசிர் போய்விடும். கத்தி கூரா என்று விரலில் பார்க்காதீர்கள், தக்காளித் தோலில் வைத்து அழுத்தாமல் இழுங்கள், இறங்கினால் சரி.

கல் வரும்வரைக்கும் அவசரத்துக்குப் பீங்கான் குவளையைக் கவிழ்த்து வைத்து, அடியில் மெருகு ஏறாத சொரசொர வளையத்தில் தீட்டலாம், என் அம்மா அப்படித்தான் செய்வார். இரண்டு சக்கரத்துக்கு நடுவே கத்தியை இழுக்கிற சின்ன சாமான் விற்கிறார்கள், அது கூர் வைக்கிற மாதிரி வைத்து எஃகைச் சுரண்டிக்கொண்டு போய்விடும், வாங்காதீர்கள். கண்ணாடிப் பலகை, பீங்கான் தட்டு இவற்றின்மேல் வெட்டவே வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடாதீர்கள். சிங்க்கில் நுரைக்கு அடியில் கத்தியை விட்டுப்போகிற பழக்கம் வீட்டில் யாருக்கு இருந்தாலும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், எங்களிடம் வேலை செய்த ஒரு பிள்ளைக்கு உள்ளங்கை கிழிந்தது அப்படித்தான்.

பொங்கோல்_புதுவீடு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தையல் பிரித்து விரல் ஆறிவிட்டது.

போன சனிக்கிழமை மாமியாரோடு தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கிவிட்டு அப்படியே முஸ்தபா போனோம். விக்டோரினாக்ஸ் 8 சென்டிமீட்டர் ஒன்று, சிவப்புப் பிடி. கறுப்பும் இருந்தது, சிவப்பு என்றால் தோல் குவியலுக்குள் கண்ணுக்குத் தெரியும் என்று அவரே தேர்ந்தெடுத்தார். ரப்பர் நாடாவும் சுற்றியாகிவிட்டது. அன்று மாலையே அரைக் கிலோ சின்ன வெங்காயம் உரித்தார், வத்தக்குழம்பு. முதல் வெங்காயத்தில் கத்தி இறங்கியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இது அருவாமனை மாதிரி கேக்குது" என்றார். அழுத்தவில்லை, அதைத்தான் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு விரல் வலி இருக்கிறதா என்று கேட்டேன், கொஞ்சம் இருக்கிறது, முன்பு மாதிரி இல்லை என்றார். கல்லும் வாங்கிவிட்டோம், தீட்டுகிற பொறுப்பு என் கணவருக்கு, இரண்டு நாணயமும் கல் பெட்டியிலேயே இருக்கின்றன.

லட்சுமி சொன்ன கிவியிலும் பெரிய அளவு ஒன்று பலகை வேலைக்கு எடுத்தேன், பெரிய வெங்காயம் இப்போது அதில்தான். அந்தப் பழைய செட் சின்னக் கத்தியை என்ன செய்வது? யாருக்கும் கொடுக்க மனசில்லை, அப்படியே குப்பையில் போடலாமா?

வாழைப்பூ_அக்கா:

சந்தோஷம் தங்கச்சி. வெறுமனே போடாதே, பையைக் கிழித்துக்கொண்டு வரும், கீழே குப்பை அள்ளுகிறவர் கையில் படும். அலகை அட்டையில் ரெண்டு மடிப்பாக வைத்து, முனைப்பக்கமும் மூடி, பெட்டி ஒட்டுகிற நாடாவால் இறுக்கிச் சுற்று, மேலே கத்தி என்று பெரிதாக எழுதிவிட்டுப் போடு.